நியூமேட்டிக் கண்ட்ரோல் வால்வு: பொருத்துவது முதல் ஓவர்ஹால் வரை முழுமையான வழிகாட்டி

காற்றழுத்தத்தால் நகர்ந்து ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் வால்வு மேல் வரும் புகார்களில் பெரும்பகுதி வால்வுக்கு வெளியே பிறப்பவை. ஈரக் காற்று, கழுவாத பைப், அளவுக்கு மீறி இறுக்கிய பேக்கிங் (வால்வின் தண்டான ஸ்டெம்மைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையங்கள்), திசை மாற்றிப் போட்ட பாடி. ஆனால் கண்ட்ரோல் ரூமிலிருந்து "வால்வு சரியில்லை" என்று போன் வந்ததும் பலருடைய ஸ்க்ரூடிரைவர் நேராகப் பொசிஷனருக்கு, அதாவது சிக்னலுக்கு ஏற்ற இடத்தில் வால்வை நிறுத்தும் கருவிக்குப் போகிறது. ஜீரோ (தொடக்கப் புள்ளி), ஸ்பான் (முழு வீச்சு) இரண்டையும் திருகிவிட்ட பிறகு உண்மையான கோளாறைக் கண்டுபிடிப்பது இரட்டிப்பு வேலை. காற்று, பைப், பேக்கிங், அப்புறம்தான் பொசிஷனர், கடைசியாகத்தான் பாடியைத் திறப்பது. பொருத்துவதற்கும் பழுது பார்ப்பதற்கும் இந்த வரிசையையே நான் சொல்வேன்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு வால்வை எடுத்துக்கொள்வோம். 2 இன்ச் குளோப் வால்வு; உள்ளே சீட் என்ற வளையத்தில் பிளக் என்ற அடைப்பான் உட்கார்ந்து எழும். மேலே ஸ்பிரிங், டயாபிரம் ஆக்சுவேட்டர், அதாவது காற்று தள்ளும் சவ்வும் எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங்குமாக ஸ்டெம்மை நகர்த்தும் பகுதி. பக்கத்தில் ஸ்மார்ட் பொசிஷனர். 7 பார் சாச்சுரேட்டட் ஸ்டீமை ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு அளந்து விடுவது அதன் வேலை. அந்த அழுத்தத்தில் ஸ்டீமின் வெப்பம் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ். இது ஏர் டு ஓபன் வகை, அதாவது காற்று வந்தால் திறக்கும், காற்று போனால் ஸ்பிரிங் மூடிவிடும். சூடேற்றும் லைனில் காற்று நின்றால் ஸ்டீமும் நிற்பதுதான் பாதுகாப்பு. குளிர்விக்கும் தண்ணீர் லைன் என்றால் பெரும்பாலும் நேரெதிர். காற்று போனால் திறந்துகொள்ள வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும்

முதலில் பெயர்த்தகட்டைப் படித்து டேட்டா ஷீட்டோடு ஒப்பிடுங்கள். டேக் நம்பர், பாடி ரேட்டிங், டிரிம் (பிளக், சீட் முதலான உள்பாகங்கள்) மெட்டீரியல், சிவி (ஓட்டத் திறன் எண்), ஸ்பிரிங் ரேஞ்ச், சப்ளை பிரஷர், காற்று நின்றால் வால்வு எந்த நிலைக்குப் போகும் என்ற ஃபெயில் ஆக்‌ஷன். ஒரே அளவில் இரண்டு வால்வுகள் ஒன்றாக வந்திறங்கும் புராஜெக்ட்டில் ஏர் டு ஓபனும் ஏர் டு குளோஸும் இடம் மாறிப் போவது நடக்கக்கூடியதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

பிளேஞ்ச் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளையும் ஏர் போர்ட் அடைப்புகளையும் லைனில் ஏற்றும் நிமிடம் வரை எடுக்காதீர்கள். தூக்கும்போது கயிறோ பெல்ட்டோ பாடியையும் ஆக்சுவேட்டரைத் தாங்கும் யோக்கையும் பிடிக்க வேண்டும். பொசிஷனரையோ டியூபிங்கையோ ஹேண்ட்வீலையோ பிடித்துத் தூக்கினால், ஸ்டெம் நிற்கும் இடத்தைப் பொசிஷனருக்குச் சொல்லும் ஃபீட்பேக் லீவர் வளையும். அது காலிபரேஷனின்போதுதான் தெரியவரும்.

பைப் வேலை: பாதித் தலைவிதி இங்கேதான்

புது லைனுக்குள் வெல்டிங் கசடு, இரும்புத் தூள், ராடின் துண்டு, ஏன், துணிக் கந்தல்கூட இருக்கும். வால்வு நிற்க வேண்டிய இடத்தில் அதே நீளத்தில் வெறும் பைப்பான ஒரு ஸ்பூல் துண்டைப் போட்டு லைனை ஃபிளஷ் செய்யுங்கள். ஸ்டீம் லைன் என்றால் ஸ்டீமாலேயே ஊதித் தள்ளுங்கள். வால்வை வைத்துக்கொண்டே ஃபிளஷ் செய்தால் சீட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் சிக்கும் ஒரு வெல்டிங் மணி போதும், புது வால்வு முதல் நாளே பாஸ் ஆகும், அதாவது மூடியும் கசியும். "நேரமில்லை, அப்படியே போடு" என்று மேலிருந்து அழுத்தம் வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வால்வுக்கு முன்னால் பைப் விட்டத்தைப்போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர் பைப் இருந்தால் நல்லது. எல்போ முடிந்த கையோடு வால்வு வந்தால் ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிளக்கை உதறும். இருபக்கமும் ஐசொலேஷன் வால்வு, சுற்றி ஒரு பைபாஸ், நடுவில் டிரெயின். ஆக்சுவேட்டருக்கு மேலே அதைக் கழற்றித் தூக்க இடம், கீழே கைவிட இடம். டிராயிங்கில் இதற்கெல்லாம் இடம் இருக்கும். சைட்டில் யாராவது கேபிள் டிரேயை மேலே ஓட்டியிருப்பார்கள். ஏற்றும் முன் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டீம் லைனுக்கென்று மூன்று விஷயங்கள் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, வால்வுக்கு முன்னால் டிரிப் லெக்கும் (தண்ணீர் சேரும் கீழ்க்குழாய்) டிராப்பும் (அந்தத் தண்ணீரை மட்டும் வெளியே விடுவது). வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அங்கே கண்டன்சேட், அதாவது ஸ்டீம் ஆறிய தண்ணீர் தேங்கும். திறந்ததும் அந்தத் தண்ணீர்க் கட்டி வேகமாக வந்து டிரிம்மை அடிக்கும். இரண்டு, குப்பையை வடிகட்டும் வொய் ஸ்டிரெய்னரின் கூடை பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். தண்ணீர் லைனில் கூடை கீழே தொங்குவது சரி. ஸ்டீமில் அப்படிப் போட்டால் கூடைக்குள் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். மூன்று, லைன் அளவிலிருந்து வால்வு அளவுக்குக் குறைக்க, ஒரு பக்கம் தட்டையான எக்சென்ட்ரிக் ரிட்யூசர், அதன் தட்டைப் பக்கம் கீழே. அப்போதுதான் அடியில் தண்ணீர் குட்டையாக நிற்காது.

லைனில் ஏற்றுவது

பாடியில் வார்த்திருக்கும் அம்புக்குறியும் ஓட்டத் திசையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் வால்வில் ஸ்டீம் பிளக்குக்கு அடியிலிருந்து மேலே வரும். இதைத் திருப்பிப் போட்டால் ஓட்டம் பிளக்கை மூடும் திசையில் தள்ளும். 5, 10 சதவீதத் திறப்பில், தொட்டியின் அடியடைப்பானைத் தண்ணீர் இழுத்துக்கொள்வதுபோல, பிளக் சீட்டில் டப்பென்று உட்காரும், எழும், உட்காரும். கண்ட்ரோலரை எவ்வளவு டியூனிங் செய்தாலும் அந்த லூப் (அளவீடு, கண்ட்ரோலர், வால்வு சேர்ந்த சுற்று) அடங்காது.

ஸ்டெம் செங்குத்தாக நிற்பது முதல் தேர்வு. சாய்த்துப் போட்டால் ஆக்சுவேட்டர் எடையெல்லாம் கைடிலும் பேக்கிங்கிலும் ஒரே பக்கமாக இறங்கும். வேறு வழியில்லை என்றால் தனி சப்போர்ட் கொடுங்கள். இரண்டு பிளேஞ்சும் இயல்பாகவே நேருக்கு நேர் நிற்க வேண்டும். செயின் பிளாக் போட்டு பைப்பை இழுத்துப் பொருத்தினால் அந்த இழுப்பு முழுவதும் வால்வு பாடியில் தங்கும். புது ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட் போட்டு, ஸ்டட்டுகளுக்கு எண்ணெய் தடவி, எதிரெதிராகச் சுற்றிவந்து, 30, 60, 100 சதவீத டார்க் என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். அதன்பின் வரிசையாக ஒரு கடைசிச் சுற்று.

அருகில் வெல்டிங் நடந்தால் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். கரண்ட் வால்வு வழியாகப் பாய்ந்தால் பொசிஷனர் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு ஸ்பூல் இருந்தால் நிம்மதி. வால்வு லைனில்தான் இருக்கிறது என்றால் திறந்த நிலையில் வைத்துச் செய்யுங்கள்.

இன்சுலேஷன் ஆட்கள் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பாடியோடு நிறுத்த வேண்டும், பாடியின் மேல்மூடியான பானெட்டையும் யோக்கையும் மூடக் கூடாது. பேக்கிங் பெட்டி காற்றில் ஆற வேண்டிய இடம். அழகாக அலுமினியத் தகடு சுற்றிக் கழுத்துவரை மூடிய வால்வுகளில் பேக்கிங் சீக்கிரம் கெடும்; பக்கத்தில் இருக்கும் பொசிஷனரும் சூட்டில் வேகும். பெரும்பாலான பொசிஷனர்கள் 80, 85 டிகிரி சுற்றுப்புற வெப்பம் வரைக்கும்தான் தாங்கும்.

காற்று

இன்ஸ்ட்ருமென்ட் ஏருக்கு, அதாவது வால்வை நகர்த்தும் காற்றுக்கு, ஐஎஸ்ஏ அமைப்பின் 7.0.01 தரநிலை சொல்வது எளிது. லைன் அழுத்தத்தில் டியூ பாயின்ட் (ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பநிலை), அந்தக் காற்று லைன் சந்திக்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைவிடக் குறைந்தது 10 டிகிரி கீழே இருக்க வேண்டும். துகள் 40 மைக்ரானுக்கு மேல் கூடாது. எண்ணெய் 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. பொசிஷனருக்குள் காற்று புகும் நாசில் துளை மிகச் சிறியது. கம்ப்ரஸர் எண்ணெயும் டிரையரிலிருந்து உதிரும் டெசிகன்ட் தூளும் சேர்ந்த பசை அதில் ஒட்டினால் சிக்னல் சரியாக வந்தும் வால்வு நகராது.

ஹெடரிலிருந்து கிளை எடுக்கும்போது மேல்பக்கம் எடுங்கள். அடிப்பக்கம் எடுத்தால் தண்ணீரும் துருவும் முதலில் உங்கள் வால்வுக்குத்தான் வரும். வால்வோடு இணைக்கும் முன் டியூபிங்கைத் திறந்துவிட்டு, வெள்ளைத் துணியில் கறை விழாத வரை ஊதுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூபை டியூப் கட்டரால் நேராக வெட்டி, உள்பக்கப் பிசிறை எடுத்து, ஃபிட்டிங்கின் அடிவரை உட்கார வையுங்கள். டியூபைக் கவ்விப் பிடிக்கும் இரட்டை வளையம் (ஃபெரூல்) கொண்ட ஃபிட்டிங்குகளில், 6 மில்லிமீட்டர் டியூபுக்கு, நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் ஒன்றேகால் சுற்று. அவ்வளவுதான். டெஃப்லான் டேப் புரி இணைப்பில் மட்டும், அதுவும் முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு. ஃபெரூல் மேல் டேப் சுற்றுவது தவறு. உள்ளே போகும் டேப் நார் நாசிலை அடைக்கும்.

ஏர் ஃபில்டர் ரெகுலேட்டரை எவ்வளவுக்கு வைப்பது? பெயர்த்தகட்டில் ஸ்பிரிங் ரேஞ்ச் 0.2 முதல் 1.0 பார், அதாவது பழைய 3–15 பிஎஸ்ஐ என்றால் 1.4 பார் போதும். கடினமான ஸ்பிரிங் என்றால் அதற்குத் தக்க அதிகம். "கொஞ்சம் கூட்டி வைத்தால் நன்றாக வேலை செய்யும்" என்ற நம்பிக்கையில் 4, 5 பாருக்கு ஏற்றி வைக்காதீர்கள். காற்று மூடும் வகை வால்வில் அந்தக் கூடுதல் விசை முழுவதும் பிளக்கை சீட்டில் அழுத்தி, ஸ்டெம்மை வளைக்கும் அளவுக்குப் போகலாம்.

ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் பக்கத்தில் ஒரு வென்ட் துளை உண்டு. நம் ஊரில் அதில் குளவி மண்கூடு கட்டும். துளை அடைபட்டால் உள்ளே காற்று சிக்கி வால்வு மந்தமாக நகரும்; காரணம் தெரியாமல் பொசிஷனரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். சின்ன வலை வைத்த வென்ட் பிளக் போடுங்கள், துளை கீழ்நோக்கி இருக்கட்டும். மணலி, எண்ணூர், தூத்துக்குடி போலக் கடலோர ஆலைகளில் உப்புக் காற்று அலுமினியப் பொசிஷனர் பெட்டியைப் பொரியவைக்கும். மூடி ஸ்க்ரூவுக்கு ஆன்டி-சீஸ் தடவி, பயன்படாத கேபிள் துளைகளைச் சரியான பிளக்கால் மூடிவிடுங்கள்.

பொசிஷனரும் காலிபரேஷனும்

வால்வு 50 சதவீதத்தில் நிற்கும்போது ஃபீட்பேக் லீவர் ஸ்டெம்முக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இது தவறினால் ஜீரோவும் ஸ்பானும் பொருந்தும், நடுவில் மட்டும் இடிக்கும். ரெகுலேட்டரால் காற்று கொடுத்துப் பாதி ஸ்ட்ரோக்கில் நிறுத்தி, லீவரைப் பொருத்தி, அப்புறம் ஆட்டோ காலிபரேஷன் விடுங்கள். அது வால்வைத் தானாக முழுக்கத் திறந்து மூடும், எனவே ஸ்டீம் வருவதற்கு முன்புதான் செய்ய வேண்டும். ஓடும் லைனில் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. யோக்குக்குள் விரல் விடாதீர்கள்.

முடிந்ததும் 4, 8, 12, 16, 20 மில்லிஆம்ப் கொடுத்து 0, 25, 50, 75, 100 சதவீதம் வருகிறதா என்று ஸ்கேலில் பாருங்கள், பொசிஷனர் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. ஒரே சிக்னலுக்கு ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஸ்டெம் வேறு இடத்தில் நின்றால் உராய்வோ லிங்கேஜ் தளர்வோ இருக்கிறது. இந்த எண்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பின்னாளில் ஒப்பிட இதுதான் கையில் இருக்கும்.

ஃபெயில் ஆக்‌ஷனை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். வால்வைப் பாதி திறந்துவைத்து காற்றை அடையுங்கள், மூட வேண்டும். மறுபடி திறந்து, காற்றை அடைக்காமல் அப்படியே வைத்து சிக்னல் வயரை மட்டும் கழற்றுங்கள். அப்போதும் மூட வேண்டும். பொசிஷனர் ரிவர்ஸ் ஆக்‌ஷனில் செட் ஆகியிருந்தால் காற்று போனால் மூடும், சிக்னல் போனால் திறக்கும். ஒரு சோதனையோடு நிறுத்துபவர்களுக்கு இது தெரியவே தெரியாது, கேபிள் அறுபடும் நாள் வரை.

பிறகு ஸ்டீம். பைபாஸில் மெல்ல விட்டு லைனைச் சூடாக்கி, டிராப் வேலை செய்வதைப் பார்த்து, வால்வைச் சேவைக்குக் கொண்டுவாருங்கள். சூடேறியதும் பேக்கிங் கொஞ்சம் உட்காரும். கசிந்தால் பேக்கிங்கை அழுத்தும் இரண்டு கிளாண்ட் நட்டையும் சமமாக, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கி, கசிவு நின்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

ஓடும் வால்வைக் கவனிப்பது

ஷிப்ட் ரவுண்டில் ஒரு நிமிடம் வால்வு முன் நின்றால் போதும். கண்ட்ரோல் ரூம் காட்டும் சதவீதமும் ஸ்கேலும் ஒத்துப்போகிறதா? ஸ்டெம்மில் ஸ்டீம் புகைகிறதா? ரெகுலேட்டர் கேஜ் எவ்வளவு? ஃபில்டர் டிரெயினைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா? வந்தால் அதை வால்வுப் புகாராக எழுதாமல் டிரையர் புகாராக எழுதுங்கள். ஒரு வால்வு ஃபில்டரில் தண்ணீர் என்றால் அந்த ஹெடரில் இருக்கும் எல்லா வால்வுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

வால்வு எந்தத் திறப்பில் ஓடுகிறது என்றும் கவனியுங்கள். 20 முதல் 80 சதவீதத்துக்குள் நின்றால் நலம். எப்போதும் 10 சதவீதத்துக்குக் கீழேயே ஓடினால் வால்வு அளவில் பெரியது; சீட் சீக்கிரம் அரிக்கும். அதைப் பராமரிப்பால் சரிசெய்ய முடியாது, சின்ன டிரிம் கேட்க வேண்டும்.

ஹண்டிங்

வால்வு ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் ஹண்டிங். கண்ட்ரோல் ரூமில் டிரெண்ட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கண்ட்ரோலர் அவுட்புட் ரம்பப் பல் போல் ஏறி இறங்க, ஃப்ளோவோ அழுத்தமோ சதுரம் சதுரமாகத் தாவினால் ஸ்டெம் ஒட்டுகிறது, பிறகு சட்டென்று விடுபடுகிறது என்று பொருள். ஆபரேட்டரிடம் சொல்லி லூப்பை மேனுவலில் போட்டு, அரை அரை சதவீதமாக ஏற்றச் சொல்லுங்கள். ஸ்கேல் முள்ளின் நுனியை மட்டும் பாருங்கள். அரை, ஒன்று, ஒன்றரை: முள் அசையாது. இரண்டில் ஒரு சின்ன உதறலோடு குதித்து நிற்கும். கோளாறு டியூனிங்கில் இல்லை, உராய்வில் இருக்கிறது.

முதல் சந்தேகம் பேக்கிங் மேல். கசிவு பயத்தில் ஒவ்வொரு ஷிப்டும் ஒரு இழு இழுத்திருப்பார்கள். கிராஃபைட் பேக்கிங் இதில் மிக மோசம், சும்மாவே உராய்வு அதிகம். நம் 170 டிகிரி வால்வுக்கு டெஃப்லான் வி-ரிங் பேக்கிங் போதும். அது சுமார் 230 டிகிரி வரை தாங்கும், ஸ்டெம்மும் வழுக்கிக்கொண்டு போகும். வெப்பம் அதற்கு மேலே போனால்தான் கிராஃபைட் தேவை. ஓடும் லைனில் கிளாண்டைத் தளர்த்தி விளையாடாதீர்கள். அழுத்தம் உள்ளே இருக்கிறது.

பேக்கிங்கும் நன்றாக இருந்தால் டயாபிரம். வென்ட் துளையில் சோப்பு நீர் விடுங்கள். குமிழி வந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. டியூபிங் இணைப்புகளிலும் அப்படியே. இவையெல்லாம் சுத்தமாக இருந்தால் மட்டும் பொசிஷனர் மூடியைத் திறங்கள்.

"வால்வு பாஸ் ஆகிறது"

மெட்டல் சீட் வால்வு பெரும்பாலும் கிளாஸ் 4 கசிவுத் தரத்தில் வரும். முழுத் திறன் ஓட்டத்தில் 0.01 சதவீதம் வரை கசியலாம் என்பது அதன் பொருள். ஐசொலேஷன் வால்வைப் போல் சொட்டுக்கூட விடக் கூடாது என்று அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அதைத் தாண்டிக் கசிந்தால் முதலில் 4 மில்லிஆம்பில் ஆக்சுவேட்டர் கேஜ் சைபருக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் காற்று மிச்சம் நின்றால் பிளக் சீட்டில் முழுதாக உட்காராது; பொசிஷனரின் டைட் ஷட்-ஆஃப் அமைப்பை இயக்கினால் தீரும். ஏர் டு ஓபன் வால்வில் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, மூடுவது ஸ்பிரிங். ஸ்பிரிங் முன்னழுத்தம், ஸ்டெம் கப்ளிங் இரண்டையும்தான் பார்க்க வேண்டும். கப்ளிங்கைச் சரிசெய்யும்போது பிளக் சீட்டில் உட்கார்ந்திருக்க ஸ்டெம்மைச் சுழற்றாதீர்கள், சீட் கீறும். ஸ்டெம்மைச் சுற்றி உலோகத் துருத்தி வைத்த பெல்லோஸ் சீல் வால்வில் ஸ்டெம்மை எப்போதுமே சுழற்றக் கூடாது.

ஓவர்ஹால்

பெர்மிட், லாக்-அவுட், இருபக்க ஐசொலேஷன், டிரெயின் திறந்து அழுத்தம் சைபர். இத்தனைக்கும் பிறகும் பானெட் நட்டுகளை முதலில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, பானெட்டை ஆட்டிப் பாருங்கள். சிக்கியிருக்கும் ஸ்டீம் அப்போது மெதுவாக வெளியேறும். ஆக்சுவேட்டரைப் பிரிப்பது இன்னும் கவனமான வேலை. உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. கேசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் சில நீளமாக இருந்தால் அவை ஸ்பிரிங்கைத் தளர்த்துவதற்கானவை. குட்டை போல்ட்டுகளை முதலில் எடுத்து, நீளமானவற்றைக் கடைசியில் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

கழற்றிய பிளக்கையும் சீட்டையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். உட்காரும் விளிம்பின் குறுக்கே நூல் நூலாகக் கோடுகள் இருந்தால் ஈர ஸ்டீம் பாதி மூடிய வால்வில் சீறியிருக்கிறது. டிராப்பைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் லைன் வால்வு என்றால், சொரசொரவென்று குழிகள் இருந்தால் கேவிடேஷன் (ஆவிக் குமிழிகள் உடைந்து அடிப்பது), பாலிஷ் போட்டது போல வழவழவென்று தேய்ந்திருந்தால் ஃபிளாஷிங் (தண்ணீர் ஆவியாகவே வெளியேறுவது). டிரிம் மட்டும் மாற்றிவிட்டு இந்தக் காரணத்தை விட்டுவிட்டால் அடுத்த ஷட்டவுனில் அதே வேலை திரும்ப வரும்.

கோடு லேசாக இருந்தால் லாப்பிங் போதும். நைஸ் பேஸ்ட்டைச் சிறிதளவு தடவி, எடை கொடுக்காமல் முன்னும் பின்னுமாகச் சில முறை திருப்பி, தூக்கி, வேறு கோணத்தில் வைத்து மறுபடி. சீட்டைச் சுற்றி அறுபடாமல் ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கோடு அகலமானால் சீட்டில் விழும் அழுத்தம் குறைந்து மறுபடி கசியும். ஆழமான கீறலை லாப்பிங்கால் தீர்க்கப் பார்ப்பது வீண். மெஷினிங் அல்லது புது செட். சாஃப்ட் சீட்டுக்கு லாப்பிங் கிடையாது, மாற்றுவதுதான்.

பேக்கிங், கேஸ்கெட், டயாபிரம் மூன்றும் புதிது. பழைய பேக்கிங்கை எடுக்கும்போது கம்பி ஸ்டெம்மில் உரசக் கூடாது. ஸ்டெம்மை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் புதுப் பேக்கிங்கும் சில வாரத்தில் கசியும், ஸ்டெம்மை மாற்றுங்கள். வி-ரிங்குகளின் திறந்த வாய் அழுத்தம் வரும் பக்கம், அதாவது கீழ்நோக்கி.

பொருத்தி முடித்து அதே ஐந்து புள்ளிச் சோதனை, அதே இரண்டு ஃபெயில் சோதனை, பழைய தாளோடு ஒப்பீடு. சேவைக்குக் கொண்டுவரும்போது ஆபரேட்டர் லூப்பை மேனுவலில் வைத்து வால்வைத் திறக்கத் திறக்க, நீங்கள் பைபாஸை அதே அளவுக்கு மூடிக்கொண்டே வாருங்கள். முழுக்க மூடிய பின் பைபாஸின் பின்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பையோ ஸ்க்ரூடிரைவர் நுனியையோ வைத்துக் கேட்டுப் பாருங்கள். அங்கே சீறல் கேட்டால் பைபாஸ் பாஸ் ஆகிறது. அதை அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரப் புகாரில் கண்ட்ரோல் வால்வின் டேக் நம்பர்தான் இருக்கும்.